எழுபது வளைவுகளும் ஒரு வால்யூம் பொத்தானும்

காரவள்ளியில் பஸ் நின்றபோது ஓட்டுநர் இறங்கி டயர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஏறினார். நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி என்று அதுவரை சமவெளியில் வந்த வண்டி. இனி கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவின் பலகை ஜன்னலில் தெரிந்ததும் எனக்கு முன் சீட்டில் இருந்த பையன் சட்டைப் பையிலிருந்து கறுப்பு ஹெட்செட்டை எடுத்துச் சிக்குப் பிரித்தான்.

பதினெட்டு வயது இருக்கும். மடியில் கல்லூரிப் பை. ஜன்னலோரம் அவனுடைய அப்பா. ஏறியதிலிருந்து போனில் பேசிக்கொண்டே வந்ததால் அவர் கதை பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை. மத்தியப் பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே மழை பிடித்துக்கொண்டதால் வண்டி நிற்கிறது, ஊருக்கு வருகிறார். எல்லாவற்றையும் உரக்கத்தான் சொன்னார். அதில் கோபமோ பெருமையோ இல்லை. தன் குரல் தனக்கே போதுமான அளவு கேட்காத மனிதர் அப்படித்தான் பேசுவார்.

பையன் வலது காதில் வைத்தது நின்றது. இடது காதில் நிற்கவில்லை. இரண்டாவது வளைவில் வண்டி குலுங்க, நழுவித் தோளில் விழுந்தது. எடுத்துச் செருகினான். கட்டை விரலால் அழுத்திப் பிடித்தான். பிடித்திருந்த வரை முகம் மலர்ந்திருந்தது. விரலை எடுத்ததும் மலர்ச்சி போய்விட்டது. இதை அவன் நாலைந்து முறை செய்தான். பிறகு விரலை விட்டுவிட்டு, போனின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தத் தொடங்கினான்.

அந்த விரல் அழுத்தியபோது உள்ளே நடந்தது என்ன என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹெட்செட்டுக்குள் ஒலி எழுப்பும் தகடு சுண்டுவிரல் நகம் அளவுதான். அதனால் பெரிய காற்றைத் தள்ள முடியாது. ஆனால் காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். அதன் வாயை ரப்பர் முழுதாக அடைத்துவிட்டால் உள்ளே சிக்கிய அந்தச் சிறு காற்றைத் தள்ளினாலே போதும், செவிப்பறை அசையும். பேஸ் என்னும் கனத்த ஒலி நிறைந்து கேட்கும். ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் வெளியேறுவது பேஸ்தான். மெல்லிய, கூரான ஒலிகள் மட்டும் மிஞ்சும். இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிதார் தனியாக ஒரு ராகம் போட்டு நடந்துபோகுமே, அது அப்படியே காணாமல் போய்விடும். தபலாவில் இடது கை போய், வலது கை மட்டும் கேட்கும். பின் சீட்டில் இருந்த எனக்குக் கசிந்து வந்ததும் அந்தக் கூரான பகுதிதான். சிம்பல் சத்தம், பாடகரின் சகரம், அவ்வளவே.

போன பேஸைத் தேடித்தான் அவன் வால்யூமை ஏற்றினான். அது வரவில்லை. இருந்த கூர்மை இன்னும் கூர்மையானது. மனிதக் காதுத் துளை தன் வடிவத்தாலேயே 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும் ஒலியைப் பெரிதாக்கி உள்ளே அனுப்பும். காது முதலில் பழுதாவதும் அதற்குச் சற்று மேலே, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான். அவன் விரல் ஏற்றியதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

வாங்கும்போது பெட்டியில் மூன்று அளவு ரப்பர்கள் இருந்திருக்கும். சிறியது, நடுத்தரம், பெரியது. நம்மில் பெரும்பாலோர் ஆலையில் மாட்டி வந்ததையே மாட்டிக்கொண்டு மற்ற இரண்டு ஜோடியையும் தொலைத்துவிடுகிறோம். ஒரே ஆளின் இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்பதில்லை. இவனுடைய இடது காது பெரியது. விஷயம் அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து அடுத்த மாடல் வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். நல்ல ஒலிக்கான வழியும் காதைக் காப்பதற்கான வழியும் அந்தச் சிறு ரப்பரில் ஒன்றாகவே இருக்கின்றன. அது சரியாகப் பொருந்தினால் வெளி இரைச்சல் 15, 20 டெசிபல் குறையும், பேஸ் திரும்பி வரும், வால்யூமை ஏற்ற வேண்டிய தேவையே எழாது.

இந்தப் பொருளின் பிறப்பிலும் காதைக் காக்கும் அக்கறை இருக்கிறது. காதுத் துளைக்குள் இறங்கும் ஹெட்செட்டை இசை கேட்பவர்களுக்காக முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் மீட் கில்லியன். காது கேளாதோருக்கான கருவிகளில் ஆராய்ச்சி செய்தவர். அவருடைய எட்டிமோடிக் நிறுவனம் 1988இல் இசைக் கலைஞர்களுக்கென்று ஒரு காதடைப்பானை வெளியிட்டது. எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் தணித்து, இசையின் உருவம் கெடாமல் உள்ளே விடும் அடைப்பான் அது. அதே நிறுவனம் 1991இல் ஈஆர்-4 என்ற ஹெட்செட்டைக் கொண்டுவந்தது. மேடைப் பாடகர்கள் இப்போது காதில் அணியும் மானிட்டரின் வளர்ச்சியிலும், வேன் ஹேலன் குழுவின் டிரம்ஸ் கலைஞருக்குக் காது பழுதாகி வந்த காலத்தில், அவருக்காக அந்தக் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி செய்து கொடுத்ததற்குப் பங்கு உண்டு. காதைக் காப்பாற்றப் புறப்பட்டவர்களின் பட்டறையில் உருவான பொருள் நம் பிள்ளைகளின் காதுக்கு இப்படி வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

வண்டி இரண்டாவது கியரில் முனகியது. ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன். பழைய டீசல் பஸ்ஸின் முன்பகுதியில் 80 டெசிபல் என்பது சாதாரணம். அதற்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தானே வைக்க வேண்டும்? பையனின் போனில் ஓர் எச்சரிக்கை எழுந்தது. இதற்கு மேல் நெடுநேரம் கேட்டால் காதுக்குக் கேடு என்று போன்கள் காட்டுமே, அது. அவன் படிக்கவில்லை. 'சரி' என்பதைத் தொட்டான். எனக்கும் அது தினமும் வந்துபோவதுதான். எத்தனை பேர் நின்று படித்திருப்போம்?

முப்பது வளைவுகள் கடந்தபோது காது அடைக்க ஆரம்பித்தது. எனக்கு மட்டும் இல்லை, பஸ்ஸில் பாதிப் பேர் எச்சில் விழுங்கினார்கள். கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. அடிவாரத்திலிருந்து சோளக்காடு போய்ச் சேருவதற்குள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏறுகிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. செவிப்பறைக்கு உள்ளே இருப்பது அடிவாரத்துக் காற்று. அது விரிந்து பறையை வெளியே தள்ளுகிறது. இழுத்துக் கட்டிய பறை நன்றாக அசையாது, ஒலி மங்கிவிடும். தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழல் திறக்கும் வரை இப்படித்தான். வாயை அசைத்தால் அது திறக்கும். இடப்பக்கச் சீட்டில் ஒரு மூதாட்டி காரவள்ளியிலிருந்து வெற்றிலை மென்றுகொண்டே வந்தார். அவர் முகத்தில் மட்டும் எந்தச் சங்கடமும் இல்லை.

பையனின் காதும் அடைத்திருக்க வேண்டும். பொத்தானை மறுபடி இரண்டு முறை அழுத்தினான். இதுதான் நான் பயந்த இடம். இரைச்சலுக்காக ஒரு முறை ஏற்றியாகிவிட்டது. ரப்பரின் இடைவெளிக்காக ஒரு முறை. இப்போது மலைக்காக ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. அவன் சத்தத்தை விரும்பி வைக்கவில்லை. பாட்டு மங்க மங்க, அதைத் துரத்திக்கொண்டு போனான். நாற்பதாவது வளைவுக்குப் பிறகு பெரிதாகக் கொட்டாவி விட்டான். அடுத்த நொடி முகம் சுளித்து இரண்டையும் காதிலிருந்து பிடுங்கினான். காது திறந்துகொண்டுவிட்டது. அதுவரை எந்த அளவில் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, பொத்தானை ஒரு முறை மட்டும் குறைத்து, மறுபடி செருகினான். ஏற்றியது பல முறை, குறைத்தது ஒரே முறை.

டெசிபல் கணக்கு நாம் பழகிய கணக்கு போல நடப்பதில்லை. 3 டெசிபல் ஏறினால் காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் இரு மடங்காகிவிடும். காதுக்கு என்னவோ சற்றே கூடியது போலத்தான் படும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் சேர்ந்து வெளியிட்ட தர அளவில், பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 90 டெசிபல் ஆனால் அந்த 40 மணி 4 மணியாகச் சுருங்கிவிடும். 100 ஆனால் வாரம் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 20 நிமிடம். குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் கீழே, 75 டெசிபல். வாரத்துக்கு ஒரு பங்கீடு இது. இந்த மலைப்பாதையை ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். தினமும் கல்லூரிக்கு இறங்கி ஏறுகிற பிள்ளை, வாரப் பங்கீட்டைத் திங்கட்கிழமையே தீர்த்துவிடலாம்.

நடத்துநர் பின்னாலிருந்து வந்தார். "சோளக்காடா, செம்மேடா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அப்பா.

நடத்துநர் மறுபடி கேட்டார். அப்பா அவர் வாயையே பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "என்னடா கேக்கறாரு?" என்றார். மகன் காதில் பாட்டு. அவனுக்கும் கேட்கவில்லை. கடைசியில் வெற்றிலை மூதாட்டிதான், "செம்மேட்டுல எறங்குவாங்க, அங்கதான் வேற வண்டி மாறணும்" என்றார். பக்கத்து ஊர்க்காரராக இருப்பார்.

அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். ரிக் வண்டியின் கம்பிரஸர் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். பாறையில் சுத்தியல் இறங்கும் ஓசையும் கம்பிரஸர் இரைச்சலும் சேர்ந்தால் அருகில் இருப்பவரிடம் கையால்தான் பேச முடியும். ஒரு குழி முடிய இரவு முழுக்க ஆகலாம். முடிந்ததும் வண்டி அடுத்த ஊருக்கு. திருச்செங்கோட்டு ரிக்குகள் இந்தியாவில் போகாத மாநிலம் அரிது. வறண்ட ஊர்களுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்த தொழில் அது. அந்தத் தண்ணீருக்காக எத்தனை பேரின் செவிகள் போயிருக்கும் என்று ஒரு கணக்கு எடுத்திருக்க வேண்டும் நாம்.

காதின் உட்புறத்தில் நத்தை ஓடு போலச் சுருண்ட எலும்புக்குள் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது கொண்டுவருகிற அவற்றோடுதான் சாகும் வரை வாழ வேண்டும். மனிதரில் அவை மறுபடி முளைப்பதில்லை. ஒரு நாள் பெருஞ்சத்தத்தில் களைத்தவை ஓய்வு கொடுத்தால் மீளலாம். திருவிழா முடிந்த இரவு காதில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் கேட்டு, காலையில் சரியாகிவிடுகிறதே, அது அந்தக் களைப்புதான். ஓய்வே இல்லாமல் தினமும் அடி வாங்கினால் செத்துவிடும். முதலில் சாவது கூரான ஒலிகளுக்கானவை. அதனால்தான் இந்த மனிதருக்கு வண்டியின் உறுமல் கேட்கிறது, ஹார்ன் கேட்கிறது, ஆள் பேசுவதும் கேட்கிறது. என்ன பேசுகிறார் என்பதுதான் பிடிபடவில்லை. சொல்லைச் சொல்லாக்கும் மெய்யெழுத்துகள் பலவும் அந்தக் கூரான பகுதியில்தான் இருக்கின்றன. வீட்டில் "அவருக்குக் காது கேக்கும், கவனிக்க மாட்டாரு" என்று குறை சொல்லுவார்கள். அந்தக் குறை அநியாயமானது.

செம்மேட்டில் இறங்கினோம். குளிர். பையன் காதில் ஹெட்செட்டோடே சாலையைக் கடக்கப் போனான். வளைவிலிருந்து அன்னாசி ஏற்றிய பிக்கப் வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. மூதாட்டி அவன் பையைப் பிடித்து இழுத்தார். வண்டி போன பிறகுதான் அவன் திரும்பிப் பார்த்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையைத் துப்பிவிட்டு நடந்தார். மலைப்பாதையில் வண்டி வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லும். நடக்கும்போது ஒரு காதாவது திறந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இந்தச் செம்மேட்டில்தான், முன்பு கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி பதினெட்டை ஒட்டி விழா எடுப்பார்கள். ஓரியை ஊர் நினைவில் வைத்திருப்பது ஒரே அம்பால் யானையிலிருந்து உடும்பு வரை துளைத்த வில்லாளியாக. அதைச் சொல்லும் வன்பரணரின் புறநானூற்றுப் பாடலில் எனக்குப் பிடித்த இடம் வேறு. காட்டில் வேடனாக எதிர்ப்பட்ட ஓரியை யாரென்று தெரியாமலே பாட முற்படுகிறார் புலவர். தன் கூட்டத்தாரிடம் முழவுக்கு மண் பூசச் சொல்கிறார், யாழைப் பண்ணுக்கு நிறுத்தச் சொல்கிறார், தூம்பை ஊதச் சொல்கிறார், எல்லரி, ஆகுளி என்று கருவிகளை அடுக்குகிறார். பதலைக்கு வரும்போது அதன் ஒரு முகத்தை மட்டும் மெதுவாகத் தட்டச் சொல்கிறார். இத்தனை கருவி சேர்ந்து ஒலிக்கும்போது எதை அடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் செய்பவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்வதும் அதுவே. அந்த உழைப்பு முழுவதும் கேட்பவனின் ரப்பர் ஓரத்தில் ஒழுகிப் போவது எனக்குத் தாங்கவில்லை.

டீக்கடைப் பெஞ்சில் அப்பாவும் மகனும் உட்கார்ந்தார்கள். நான் அடுத்த பெஞ்சில். டீ வந்தது. அப்பா மகனின் தோளைத் தொட்டு, சைகையால் கேட்டார்: என்ன கேட்கிறாய்? மகன் இடது பக்கத்தைக் கழற்றி அவர் காதில் வைத்தான். வலது தன் காதிலேயே.

"ஒண்ணும் கேக்கலயே கண்ணு."

மகன் ஏற்றினான்.

"ம்ஹூம்."

இன்னும் ஏற்றினான். ஒரே போன், ஒரே வயர். அப்பாவுக்காக ஏறியதெல்லாம் அவன் காதிலும் அதே அளவு ஏறியது. முகம் சுருங்கியது. தன் பக்கத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அது கையிலிருந்தபடியே பாடியது, பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்கும்படி. அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அப்பாவின் காதைப் பார்த்தான். அவ்வளவு சத்தமும் அங்கே போய்க்கொண்டிருக்க, அப்பா இன்னும் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடிக்கொண்டிருந்தார்.

டீக்கடையை ஒட்டி ஒரு செல்போன் கடை. சார்ஜர், கவர், டெம்பர் கிளாஸ், கொத்துக் கொத்தாக ஹெட்செட். பையன் எழுந்து போய் ஏதோ கேட்டான். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் கொட்டினார். ரப்பர்கள். பையன் தன் ரப்பரைக் கழற்றி, பெரியதை மாட்டி, இடது காதில் வைத்தான். விரலால் அழுத்தவில்லை. தலையை ஆட்டிப் பார்த்தான், விழவில்லை. போனை எடுத்துப் பொத்தானை அழுத்தினான். கீழே. மறுபடி கீழே. கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தான்.

திரும்பி வந்து அப்பாவின் காதில் அதையே வைத்தான். பெரிய ரப்பர் அவருக்கும் பொருந்திவிட்டது. பேஸ் ஒலிகள் அவருக்கு இன்னும் மிச்சம் இருக்கும். ரிக் சத்தம் பெரும்பாலும் அவற்றை விட்டுவைக்கும். இடைவெளி அடைபட்டதும் அவை உள்ளே வந்திருக்கும். அப்பாவின் வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. பாட்டு வரிகள் அவருக்கு விளங்கியிருக்காது. தாளம் சரியாக விழுந்தது.

"எவ்வளவுடா இது?"

மகன் விரல்களால் காட்டினான். முப்பது ரூபாய். அப்பா காதிலிருந்து எடுத்துத் துண்டில் துடைத்து நீட்டினார்.

மகன் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, கத்தாமல், ஒவ்வொரு சொல்லையும் உதடு தெரியும்படி நிறுத்திக் கேட்டான்.

"ப்பா, எப்ப இருந்து இப்படி? நாமக்கல் பெரியாஸ்பத்திரில காது டெஸ்ட் எடுக்கறாங்க. திங்கட்கிழமை போலாமா?"

அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "திங்கக்கெழமை சோளக்காட்டுல மொளகு போடணும்டா" என்றார். பிறகு, "செவ்வாக்கெழம போலாம்."